இரண்டாண்டு வாரண்டியும் அங்கீகரிக்கப்படாத நபரும்

என் கணவர் எங்கள் வீட்டில் எந்தப் பொருளையும் வாங்கிய நிலையிலேயே விட்டு வைத்ததில்லை. கோயமுத்தூரில் கணபதிப் பகுதியில் அவருக்கு ஒரு லேத் பட்டறை இருந்தது. தண்ணீர் மோட்டார்களுக்கான உதிரி பாகங்களைக் கடைந்து கொடுப்பார். காலை எட்டு மணியிலிருந்து மாலை ஆறு வரை இரும்போடு மல்லுக்கட்டிவிட்டு வருகிறவர் வீட்டிலாவது சும்மா இருப்பார் என்று யாராவது நினைத்தால், அவர்கள் கோயமுத்தூர்க்காரர்களோடு குடித்தனம் செய்ததில்லை என்று பொருள்.

கல்யாணத்துக்கு என் வீட்டில் கொடுத்த மிக்ஸியை மூன்றாம் மாதமே பிரித்தார். "வேகம் பத்தலை அம்மணி" என்றார். வேகத்தைக் கூட்டிய பிறகு தேங்காய்ச் சட்னி அரைத்தால் பாதி ஜாடியில் இருந்தது, பாதி கூரைக்குப் போனது. அடுத்தது நான் பள்ளிக்கூடத்துக்குப் போக வைத்திருந்த மொபெட். அவர் கை வைத்த பிறகு அது ஒன்று நிற்கும், இல்லாவிட்டால் பறக்கும். ஆர்.எஸ்.புரத்தில் புடவைக் கடை வாசலில் நின்றவர்களெல்லாம் நான் வருவதைக் கண்டால் படியேறி உள்ளே போய்விடுவார்கள். ஒன்பதாம் வகுப்புக்கு உராய்வு பாடம் நடத்துகிற நான், பிரேக் பிடிக்காத மொபெட்டில் காலைத் தரையில் தேய்த்து நிறுத்திக்கொண்டிருந்தேன்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடிய சங்கதிகள். பழைய கார் கதை அப்படியில்லை.

அது நாங்கள் இரண்டாம் கையாக வாங்கிய வண்டி. வாரம் முழுக்க ஓடும், ஞாயிற்றுக்கிழமை முற்றத்துச் சாக்கின் மேல் துண்டு துண்டாகக் கிடக்கும். அப்படிக் கிடந்த ஒரு ஞாயிறு மதியம்தான் சத்தியமங்கலத்திலிருந்து அம்மா போன் செய்தாள். அப்பாவுக்கு வலது கையும் காலும் இழுத்துக்கொண்டதாம். நான் முற்றத்துக்கு ஓடி வந்து பார்த்தேன். என் கணவர் கார்புரேட்டரைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்து நின்றார். இரண்டு பஸ் மாறி நாங்கள் போய்ச் சேர்வதற்குள் அப்பாவுக்குப் பேச்சு போய்விட்டது. அதுவரைக்கும் "அம்மணி வந்துட்டாளா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாராம். அந்தக் காரை அடுத்த வாரமே கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டார் என் கணவர். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததுதான் அவரை அதிகம் வருத்தியிருக்கும் என்று இப்போது தெரிகிறது. அப்போது அவர் வருந்தட்டும் என்றுதான் இருந்தேன்.

அதன் பிறகு வந்தது புதுக் கார். தொண்ணூறுகளின் கடைசியில் புதுப் புதுக் கம்பெனிக் கார்கள் எல்லாம் ஊருக்குள் வந்து இறங்கிய நேரம். வெள்ளை நிறத்தில் சின்ன வண்டி, என் பேரில், என் சம்பளத்தில் தவணை. நான் அதற்காகவே கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். சனிக்கிழமைதோறும் அதிகாலையில் கிளம்பி, அன்னூர் வழியாக சத்தியமங்கலம் போய், அப்பாவையும் அம்மாவையும் ஏற்றிக்கொண்டு கோபிசெட்டிபாளையத்தில் கைகால் பயிற்சி கொடுக்கும் டாக்டரிடம் போக வேண்டும். அப்பாவுக்கு அந்தப் பயிற்சி ஒரு வாரம் தவறினாலும் விரல் மறுபடி மடங்கிக்கொள்ளும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அங்கே கார் ஓட்ட வேறு ஆளில்லை. ஆகவே எனக்கு வாரத்தில் மற்ற ஆறு நாளும் கார் எப்படி இருந்தாலும் கவலையில்லை. சனிக்கிழமை அது ஓட வேண்டும்.

கோயில் வாசலில் எலுமிச்சம்பழத்தின் மேல் வண்டியை ஏற்றி இறக்கிய கையோடு என் கணவரிடம் வாக்கு வாங்கினேன். வாரண்டி இருக்கும் ஒரு வருஷமும் இந்த வண்டியில் காற்று, தண்ணீர், கண்ணாடி துடைப்பது, இந்த மூன்றைத் தவிர வேறெதிலும் கை வைக்கக் கூடாது. அவர் என் உள்ளங்கையில் கையடித்துக் கொடுத்தார். கொடுத்தபோது முகம் பத்தியச் சோறு சாப்பிடுகிறவர் முகமாக இருந்தது.

நான் அதோடு விடவில்லை. வாரண்டிப் புத்தகத்தில் ஆங்கிலத்தில் இருந்த ஒரு வரியைத் தமிழாக்கி, பள்ளிக்கூட சார்ட் அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதி, பானட்டின் உட்புறத்தில் ஒட்டினேன். 'அங்கீகரிக்கப்படாத நபர் எவரேனும் இவ்வண்டியைப் பிரித்தால் வாரண்டி செல்லாது.' சூட்டுக்கு உருகாத பசையை அவரேதான் பட்டறையிலிருந்து கொண்டுவந்து கொடுத்தார். பெருமூச்சு விட்டுக்கொண்டே பூசியும் கொடுத்தார்.

அன்றிலிருந்து வீட்டில் அவருக்கு அதுவே பட்டமாகிவிட்டது. "அங்கீகரிக்கப்படாத நபர் சாப்பிட வாரீங்களா?" என்று கூப்பிடுவேன். கோபம் வந்தால் அவரும், "அங்கீகரிக்கப்படாத நபருக்கு இன்னொரு தோசை ஊத்தலாமுங்களா?" என்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு காரைச் சுற்றிச் சுற்றி வருவார். காதைப் பானட்டின் மேல் வைத்துக் கேட்பார். பாவமாகத்தான் இருக்கும். ஆனால் கூரையில் இருந்த சட்னிக் கறையை நினைத்து மனதைத் திடப்படுத்திக்கொள்வேன்.

அந்த வருஷத்தில் எனக்கு வாய்த்த பெரிய சந்தோஷத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆடி மாதத்தில் ஒரு சனிக்கிழமை காரை வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே போனேன். அப்பா கட்டிலில் சாய்ந்து ஜன்னல் வழியாக வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். வாய் கோணிக் கோணி, எச்சில் ஒழுக, "ஆரு... ஓட்டிட்டு வந்தது?" என்றார். ஐந்து மாதத்தில் அவர் பேசிய முதல் பேச்சு. "நான்தானுங்கப்பா" என்றேன். பொம்பளைப் பிள்ளைக்கு சைக்கிளே எதற்கு என்று கேட்டவர் அவர். என்னையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார். அம்மா அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தாள். மூன்று பேரும் அழுதோம், பிறகு கோபிக்குக் கிளம்பிப் போனோம்.

வருஷம் முடியப் பத்து நாள் இருக்கும்போது ஷோரூமிலிருந்து போன் வந்தது. பேசியவர் எங்களுக்கு வண்டி கொடுத்த அதே விற்பனையாளர். கழுத்தில் டை, நெற்றியில் விபூதி, பேச்சு முழுக்க 'ங்க' போட்டுப் பேசும் நடுவயதுக்காரர்.

"ஏனுங் மேடம், உங்க வாரண்டி வர்ற சனிக்கெழமைக்கு அடுத்த சனியோட முடியுதுங்க. இன்னும் ரெண்டு வருஷத்துக்கு நீட்டிக்கிற மாதிரி புதுசா ஒரு திட்டம் வந்திருக்குதுங்க. முடியறதுக்கு முன்னாடியே கட்டிப்போடோணுமுங்க. அப்பறம் நெனச்சாலும் கெடைக்காதுங்க."

எனக்கு அவர் சொன்ன இன்ஜின், கியர்பாக்ஸ் எதுவும் காதில் விழவில்லை. இன்னும் இரண்டு வருஷத்துக்கு என் கணவர் கை வைக்க முடியாது என்பது மட்டும் தேனாக விழுந்தது. மற்றவர்களெல்லாம் வண்டி கெட்டுப்போகுமோ என்று பயந்து வாரண்டி வாங்குவார்கள். நான் வண்டியை வீட்டுக்காரரிடமிருந்து காப்பாற்ற வாங்கப் போனேன்.

சாப்பிடும்போது சொன்னேன். அவர் சோற்றில் வைத்த கையை எடுக்காமலே சுவரில் இருந்த மாதக் காலண்டரைப் பார்த்தார். அந்தச் சனிக்கிழமைக் கட்டத்தில் அவர் ஏற்கெனவே பென்சிலால் ஒரு வட்டம் போட்டு வைத்திருந்ததை அப்போதுதான் கவனித்தேன். ஜெயிலில் இருப்பவர் விடுதலை நாளை எண்ணுவதுபோல் மனிதர் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார். பீரோவுக்குப் பின்னால் புது ஸ்பேனர் செட் ஒன்றும் இருந்தது.

"இன்னும் ரெண்டு வருஷமா? அந்த வண்டிக்குள்ள என்ன இருக்குது அம்மணி, நாங்க பார்க்காதது? நாலு பிஸ்டனுக்கு எதுக்கு இத்தனை பணம்?"

"பணம் வண்டிக்கு இல்லீங்க. நிம்மதிக்கு."

"எது கெட்டாலும் நான் செஞ்சு போடறேன்."

"கெடாததையும் செஞ்சு போடுவீங்க. அதுதானுங்க பயம்."

மூன்று நாள் வீட்டில் பேச்சுவார்த்தை சுமுகமாக இல்லை. அவர் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. அவருடைய பட்டறையில் பில் கிடையாது, கார்டு கிடையாது. கடைந்து முடித்த ஒவ்வொரு பாகத்திலும் சென்டர் பஞ்ச் என்கிற கூர்முனைக் கம்பியை வைத்துச் சுத்தியலால் தட்டி வரிசையாக மூன்று புள்ளி குத்திவிடுவார். இரும்பில் குழி விழுந்துவிடும், அழியாது. மூன்று புள்ளியோடு ஒரு சாமான் எத்தனை வருஷம் கழித்துத் திரும்பி வந்தாலும் காசு வாங்காமல் வேறு செய்து கொடுப்பார். அன்னூர்ப் பக்கத்துக் குடியானவர்கள் ஏழு வருஷத்துப் பழைய சாமானைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்து, புள்ளியைத் துடைத்துக் காட்டுவார்கள். அவரும் தலையை ஆட்டிவிட்டு லேத்தை ஓட விடுவார். அப்படிப்பட்டவரிடம் காசு கட்டி வாரண்டி வாங்கலாம் என்று சொன்னால் ரோஷம் வரத்தானே செய்யும்.

நடுநிலையாக ஒருவர் சொல்லட்டும் என்று உக்கடத்தில் எங்கள் பழைய காரைப் பார்த்துவந்த மெக்கானிக் பாயிடம் புது வண்டியை ஓட்டிக்கொண்டு போனேன். "இதை நான் தொடமாட்டேனுங்கம்மா, கண்ணால மட்டும் பார்க்கறேன்" என்று சொல்லிவிட்டுப் பானட்டைத் திறக்கச் சொன்னார். கைகளைக் கக்கத்தில் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். ஓர் இடத்தில் பார்வை நின்றது. இருமினார். என் சார்ட் அட்டையை நிதானமாக ஒருமுறை படித்தார். மறுபடி இருமினார்.

"வண்டி நெம்ப நல்லா இருக்குதுங்கம்மா. வாரண்டி வாங்கறதும் வாங்காததும் உங்க இஷ்டமுங்க. எனக்கெதுக்குங்க புருசன் பொண்டாட்டி நடுவுல வம்பு?"

அதற்கு மேல் அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை. டீ மட்டும் வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

புதன்கிழமை பள்ளிக்கூடத்தில் அரை நாள் விடுப்பு போட்டுவிட்டு, வீட்டில் சொல்லாமல் நேரே ஷோரூமுக்குப் போனேன். கடைசி நாளுக்கு மூன்று நாள் பாக்கி. பணம் கட்டுவதற்கு முன்னால் வண்டியை ஒருமுறை பார்ப்பார்களாம். பார்க்கட்டுமே, ஒரு வருஷமாகக் கண்ணில் வைத்துக் காப்பாற்றிய வண்டி. நான் குளிர்பானம் குடித்துக்கொண்டு ஏ.சி.யில் உட்கார்ந்திருந்தேன். டை கட்டியவர் கண்ணாடிக் கதவைத் திறந்து தலையை நீட்டினார்.

"மேடம், ஒரு நிமிஷம் வாரீங்களா?"

பானட் திறந்திருந்தது. ஃபேன் பெல்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு போல்ட்டை டார்ச் அடித்துக் காட்டினார்.

"இது எங்க போல்ட்டு இல்லீங்க. எங்களதுன்னா தலையில நம்பர் இருக்குமுங்க. இதுல பாருங்க, மூணு புள்ளிதான் இருக்குது."

எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. எதிரில் என் கையெழுத்திலேயே 'அங்கீகரிக்கப்படாத நபர் எவரேனும்' என்று கொட்டை எழுத்து வேறு. அவர் அதையும் படித்துவிட்டு நாகரிகமாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"வெளியில கை வெச்சிருக்காங்கன்னு எழுதுனா உங்களுக்கு வாரண்டி கெடைக்காதுங்க மேடம். ஆனா நீங்க நமக்கு வேண்டியவங்க. சனிக்கெழமைக்குள்ள இந்தப் போல்ட்டைக் கழட்டி வீசிப்போட்டு எங்க போல்ட்டை மாட்டிக்கறேன்னு சொல்லுங்க, நான் மேனேஜர்கிட்டப் பேசி வாங்கித் தாரேன்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சொல்லப்போனா எங்க போல்ட்டை விட இது சுத்தமாத்தான் இருக்குதுங்க. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிப்போடாதீங்க."

யோசித்துச் சொல்கிறேன் என்று கிளம்பினேன். வழியெல்லாம் திட்டுவதற்கு வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே வந்தேன். பாய் எதற்கு இருமினார் என்பதும் தடாகம் ரோட்டு சிக்னலில் நிற்கும்போது விளங்கியது. ஊரே சேர்ந்து என்னை முட்டாளாக்கியிருக்கிறது. கையடித்துக் கொடுத்த கையாலேயே கழற்றியிருக்கிறார். இனி ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நாளை வண்டி இருக்குமா, சாக்கில் கிடக்குமா என்று பயந்து கிடக்க வேண்டியதுதான் என்று நினைத்தபோது அழுகையே வந்தது.

ஆறரை மணிக்கு அவர் வந்தார். காபி டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டேன்.

"எப்பங்க பிரிச்சீங்க?"

"எதை?"

"மூணு புள்ளி."

டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார்.

"ஒரு வெள்ளிக்கெழமை. நீ ஸ்கூல் ஆண்டு விழா ரிகர்சல்னு வரலை. காத்து, தண்ணி பார்த்துட்டு ஸ்டார்ட் பண்ணுனேன். கிய்யின்னு ஒரு சத்தம். பார்த்தா பெல்ட்டை இழுத்துப் புடிக்கிற போல்ட்டுல திருகு மரை பாதி தேஞ்சு போச்சு. அதோட போயிருந்தா அன்னூரைத் தாண்டியிருக்கமாட்டே அம்மணி. ஷோரூமுக்குப் போன் பண்ணுனேன். திங்கக்கெழமை கொண்டாங்கன்னாங்க. பட்டறைக்குப் போயி ஒண்ணு கடைஞ்சு மாட்டிப்போட்டேன். அவ்வளவுதான், வேறெதையும் தொடலை."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்லீங்க?"

"சொன்னா கையடிச்சுக் குடுத்ததைச் சொல்லுவே."

அது உண்மைதான். அதனால் எனக்குக் கோபம் இன்னும் கூடியது.

"செரி, மாட்டுனதுதான் மாட்டுனீங்க. அந்தப் புள்ளியை எதுக்குங்க குத்துனீங்க? அது இல்லைன்னா ஆருக்குத் தெரியப் போகுது?"

இத்தனை நேரம் தலை குனிந்திருந்தவர் இந்தக் கேள்விக்கு மட்டும் நிமிர்ந்து, ஒன்பதாம் வகுப்பில் நான் மக்குப் பிள்ளைகளைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்.

"அதெப்படிக் குத்தாம உடறது? நீ போற வண்டியாச்சே."

திருட்டு வேலை செய்துவிட்டு அதில் தன் முத்திரையைக் குத்தி வைத்துவிட்டு வருகிற ஆளை என்ன சொல்லித் திட்டுவது? கடைசியில், "எந்த வெள்ளிக்கெழமைங்க?" என்று மட்டும் கேட்டேன்.

"ஆடி மாசம். உங்கப்பா பேசிட்டாருன்னு அழுதுட்டே வந்தியே, அதுக்கு மொத நாள்."

அடுப்படிக்குப் போய் நின்றுகொண்டேன். எனக்கு அவர் மேல் அத்தனை ஆத்திரமும் இருந்தது, அத்தனை பிரியமும் இருந்தது. கூரையைப் பார்த்தேன். சட்னிக் கறை அப்படியே இருந்தது. சிரிப்பு வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை டை கட்டியவர் போன் செய்தார். நாளைக்குக் கடைசி நாள், போல்ட்டை மாற்றிவிடலாமா என்றார். ஒரு பக்கம் இரண்டு வருஷ நிம்மதி, இன்னொரு பக்கம் ஒரு சுண்டுவிரல் நீளப் போல்ட்டு.

"வேண்டாமுங்க. அந்தப் போல்ட்டைக் கழட்ட மனசு வரலீங்க" என்றேன்.

"எனக்கும் அப்படித்தான் தோணுச்சுங்க மேடம்" என்றார் அந்த மனிதர்.

சனிக்கிழமை சத்தியமங்கலத்துக்குப் போய் வந்தேன். அன்றோடு வாரண்டி முடிந்தது. ஞாயிறு காலை ஐந்தரைக்கெல்லாம் முற்றத்தில் சாக்கு விரித்தாகிவிட்டது. புது ஸ்பேனர் செட்டுக்குக் குங்குமம்கூட வைத்திருந்தார். நான் காபியோடு போய் நின்றேன்.

"அங்கீகரிக்கப்படாத நபர் தெறக்கலாமுங்களா?" என்று கேட்டார்.

"சனிக்கெழமை வண்டி ஓடோணும். அது ஒண்ணுதானுங்க எனக்கு. மத்ததெல்லாம் உங்க பாடு."

அவர் பானட்டைத் திறந்தார். நான் உள்ளே வந்து இட்லி ஊற்ற ஆரம்பித்தபோது முற்றத்திலிருந்து டங், டங், டங் என்று மூன்று முறை சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தேன். என் சார்ட் அட்டையில் நான் எழுதிய வரிக்குக் கீழே, பட்டறைப் பென்சிலால் 'சனிக்கிழமை வண்டி ஓடும்' என்று எழுதியிருந்தார். அதன் கீழே மூன்று புள்ளி. சென்டர் பஞ்சை வைத்து அடித்த அடியில் அட்டையைத் தாண்டித் தகடும் குழிந்து, பானட்டின் வெளிப்புறத்தில் வெள்ளைப் பெயிண்டில் மூன்று மொட்டுகள் கிளம்பியிருந்தன. புதுக் காரை இப்படிப் பண்ணிவிட்டீர்களே என்று அன்று முழுக்கத் திட்டினேன். திட்டிக்கொண்டே போகும்போதும் வரும்போதும் அந்த மூன்றையும் விரலால் தடவிப் பார்த்தேன்.

அப்பா அதற்குப் பிறகு இரண்டு வருஷமும் சில வாரங்களும் இருந்தார். அந்த வாரண்டியை வாங்கியிருந்தால் அதுவும் அதற்குள் முடிந்திருக்கும். அந்தக் காலத்தில் வண்டி சாக்கின் மேல் கிடக்காத ஞாயிறு அபூர்வம். ஓடாத சனிக்கிழமை ஒன்றுகூட இல்லை. அப்பாவுக்கு ஞாபகம் நழுவிக்கொண்டே போனதால் ஒவ்வொரு வாரமும் ஜன்னல் வழியாக வண்டியைப் பார்த்துவிட்டு, "ஆரு ஓட்டிட்டு வந்தது?" என்று புதிதாகக் கேட்பார். நானும் ஒவ்வொரு வாரமும், "நான்தானுங்கப்பா" என்று சொல்வேன்.